நான் சொல்லிக்கொடுத்த ஊசி

முப்பத்தைந்து வயதில் ‘நான் வேலை பார்த்த காலத்தில்’ என்று தொடங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இப்படித் தொடங்குகிறவர்கள் பென்ஷன் வாங்குகிறவர்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து எழுத உட்காருகிறவர்கள். என் மகள் யாழினிக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. ஆனாலும் கிள்ளானில் ஓர் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் நீரிழிவு அறைத் தாதியாக நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. கணவர் குமரனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன்.

எழுதச் சொன்னவள் கவிதா. நான் விட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். புதிதாக வரும் தாதியருக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் போடுகிறார்களாம். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

“அக்கா, இப்பல்லாம் வீடியோவ போட்டுக் காட்டிட்டு ‘ஓகே ஆன்டி, போயிட்டு வாங்க’ன்னு அனுப்பிடறாங்க. கையில ஒட்டற சென்சர் வந்திருச்சு, போன்லயே அளவு தெரியுது. நீங்கள்லாம் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா. பெருசா வேணாம் லா, ஒரு நாலு பக்கம்.”

சரி என்றேன். அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் கேட்ட அன்று என் வீட்டுக் குளிர்பெட்டியில், யாழினியின் தயிர் டப்பாக்களுக்குப் பின்னால், பிரிக்காத இன்சுலின் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒட்டியிருந்தது என் பெயர். தொடங்குவதா, இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையோடு தள்ளிப் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியாமல், தயிர் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். கவிதாவுக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும். முன்பே சொல்லாததற்கு அவள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாதியர் கல்லூரி, விடுதிச் சாப்பாடு, படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் முறை. பிறகு பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் வார்டு. அங்கே நான் பார்த்ததெல்லாம் இனிப்பு நீர் என்று இங்கே சொல்லும் நீரிழிவு முற்றிப்போன நிலை. விரல் எடுக்கப்பட்டவர்கள், பாதம் எடுக்கப்பட்டவர்கள், சிறுநீரகம் போய்ப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சக்கர நாற்காலியில் போகக் காத்திருப்பவர்கள். இவர்களை இதற்குப் பத்து வருடம் முன்னால் பிடித்து உட்கார வைக்கிற இடம் எது என்று கேட்டேன். அது சுகாதார நிலையம் என்றார்கள். மாற்றலுக்கு எழுதிப் போட்டேன்.

நீரிழிவு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் புஷ்பா. என்னைவிடச் சில வருடங்களே மூத்தவர். குரல் உயராது. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, மீதியை நீயே முடித்துக்கொள் என்பதுபோல் பார்ப்பார். கணினி என்றால் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்துவிட்டு, “இவனுக்கு என்மேல என்னமோ கோவம்” என்பார். சீனி குறைந்து மயங்கி வருகிறவர்களுக்காக மேசையில் ஒரு டின் பிஸ்கட் இருக்கும். அதில் பாதியை அவரே சாப்பிட்டுவிடுவார்.

அவருடைய அறையில் ஒரு வாக்கியத்துக்குத் தடை இருந்தது. ‘இல்லேன்னா ஊசிதான்’ என்பது அந்த வாக்கியம். நம் ஊரில் அது எல்லார் வாயிலும் வரும். டாக்டரும் சொல்வார், மருந்து கொடுப்பவரும் சொல்வார், நோயாளியை அழைத்துவரும் மகளும் சொல்வாள். “அப்பா, இப்படியே இனிப்பா தே தாரிக் குடிச்சுக்கிட்டு இருங்க, அப்புறம் ஊசிதான்.” ஒருநாள் அடுத்த அறை டாக்டர் ஒரு முதியவரிடம் அதையே சொல்லி எங்களிடம் அனுப்பினார். அவர் உள்ளே வரும்போதே கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். அன்று மதியம் சிஸ்டர் அந்த டாக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“டாக்டர், நீங்க ஊசிய பிரம்பாக்கி அனுப்பிட்டீங்க. இப்ப நான் அத எப்படி மருந்தாக்கறது?”

இன்னொரு தடை ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான்’ என்பது. “அப்படிச் சொல்லாத. அவங்களுக்கு வலிச்சிச்சுன்னா, நாம சொன்ன மத்தது எல்லாமும்...” என்று நிறுத்துவார். பொய்யாகிவிடும் என்று நான் முடித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும் முறையை எழுதுகிறேன், கவிதா கேட்டது அதைத்தான். முதலில் இன்சுலின் பேனாவை மேசைமேல் வைத்துவிடுவோம். பேசமாட்டோம். சாப்பாட்டைப் பற்றி, வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்போம். பேச்சுக்கு நடுவே அவர்களே அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். எடுக்காதவர்களுக்கு அன்று பாடம் இல்லை. அடுத்த வாரம் வரச் சொல்வோம். எடுத்தவர்களுக்கு, ஊசியைத் திருகுவது. ஊசிக்கு இரண்டு மூடி: வெளியே பெரியது, உள்ளே சின்னது. உள்மூடியைக் கழற்றாமலே மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருந்த ஓர் அங்கிளை நாங்கள் பார்த்திருக்கிறோம். “வலியே இல்ல மிஸ்ஸி, சும்மா சொல்றாங்க” என்று எங்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு கொஞ்சம் மருந்தை வெளியே விட்டு, ஊசி முனையில் ஒரு சொட்டு நிற்கிறதா என்று பார்ப்பது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி நேராகக் குத்துவது. அழுத்திவிட்டு, பத்து எண்ணும்வரை எடுக்காமல் இருப்பது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. ‘முதல் குத்து நம்மளுது’ என்பார் சிஸ்டர். யார் சொல்லிக்கொடுக்கிறோமோ அவர், மருந்தில்லாத புது ஊசியை எடுத்து, நோயாளி பார்க்கத் தன் வயிற்றில் குத்திக் காட்ட வேண்டும். நான் எத்தனையோ முறை குத்திக் காட்டியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. ‘பார்த்தீங்களா அம்மா, இவ்வளவுதான்’ என்று சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்த ‘இவ்வளவு’ எவ்வளவு என்பது எனக்குத் தெரிந்தே இருக்கவில்லை. என் ஊசி காலி. குத்திய பிறகு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பது அதில் இல்லை. பிள்ளையோடு தனியாக இருக்கும்போது கை நடுங்கினால் என்ன செய்வது என்பதும் அதில் இல்லை.

பரமேஸ்வரி அக்காவின் கதைக்கு வருகிறேன். புதியவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லமுடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கிள்ளானில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காலை வடைக் கடை அவருடையது. கணவர் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை, விடியுமுன் போய்விடுவார். கடையில் அவரும், தம்பி மனைவி செல்வியும். ஏற்கெனவே இன்சுலினில் இருந்தவர். அப்படியும் சீனி இறங்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் பதினாறு, பதினெட்டு, இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒவ்வொரு முறையும் டாக்டர் அளவைக் கொஞ்சம் ஏற்றுவார். கடைசியில் டாக்டருக்கே சந்தேகம் வந்து, “இந்த அம்மா ஊசி போடறாங்களா, சும்மா சொல்றாங்களா, பாருங்க” என்று எங்களிடம் அனுப்பினார்.

“சாமி சத்தியமா போடறேன் மிஸ்ஸி” என்றார் அக்கா. “வேணும்னா செல்விய கேளுங்க. காலையில மாவு கரைக்க முன்ன நான் செய்யற முதல் வேல அதான்.”

அவரைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னேன். என் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விரல் நுனிகளில் கொஞ்சம் களிம்பு தடவி, வயிற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக நகர்த்தினேன். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். இடது பக்கத்தில், தொப்புளுக்குப் பக்கத்தில், விரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. கிள்ளிப் பார்த்தேன், மற்ற இடத்துத் தோல் இரண்டு விரலுக்குள் மெலிதாக வந்தது, அந்த இடம் வரவில்லை. அழிரப்பரைத் தொட்டதுபோல் இருந்தது.

“அக்கா, எப்பவும் இங்கயேவா குத்தறீங்க?”

“ஆமா மிஸ்ஸி. அங்க வலியே இல்ல. பழகிப்போச்சு.”

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிவிட்டது. அதற்குள் போன மருந்து ரத்தத்தில் ஒழுங்காகச் சேராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. மருந்துதான் போய்ச்சேரவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டர் அளவைக் குறைத்து எழுதினார், ஏனென்றால் நல்ல தோலில் போனால் அதே மருந்து முழுசாக வேலை செய்யும். வலது பக்கம், தொடை என்று இடம் மாற்றிக் குத்தச் சொல்லிக்கொடுத்தேன். சீனி இறங்கிப்போனால் வரும் அறிகுறிகளைச் சொன்னேன்: நடுக்கம், வியர்வை, பசி, பார்வை மங்கல். வந்தால் உடனே சீனித் தண்ணீர். அவர் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக் காட்டினார். நல்ல மாணவி. நான் அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரமே பள்ளி திறந்தது. காலையில் கடையில் கூட்டம். அக்கா வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார், சாப்பிட உட்கார நேரம் கிடைக்கவில்லை. பழைய இடத்தில் குத்திய நாட்களில் இப்படி எத்தனையோ முறை சாப்பிடாமல் நின்றிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் மருந்தே பாதி போகவில்லை. முதன்முதலாக மருந்து முழுசாக வேலை செய்த வாரத்தில் அவர் சாப்பிடவில்லை. வடைச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே கை நடுங்கி, பேச்சுக் குழறி, சரிந்தார். இடது முன்கை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் பட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவர் பிழைத்தார். எங்களுக்குச் செய்தி மறுநாள்தான் தெரிந்தது. நான் அன்று முழுக்க, என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சொல்லியிருந்தேன். சொல்லியும் ஏன்? சிஸ்டர் எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “நாளைக்குக் காலையில கடைக்குப் போய் சாப்பிடுவோம்” என்றார்.

செல்வி தனியாகக் கடையைத் திறந்திருந்தாள். சிஸ்டர் இரண்டு வடை வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். “அன்னைக்கு அக்காவுக்கு நடுங்குனப்ப நீ பக்கத்துலதான இருந்த?”

“ஆமா மிஸ்ஸி. வேர்த்துக் கொட்டிச்சு. ‘சீனி, சீனி’ன்னு சொன்னாங்க.”

“நீ என்ன குடுத்த?”

செல்வி நிமிர்ந்து நின்றாள். அவள் குரலில் தப்பில்லாமல் செய்தவளின் பெருமை இருந்தது. “சீனி ஏறிப்போச்சுன்னு சொல்றாங்கன்னு நெனச்சு, ஓடிப் போய் கோப்பி-ஓ கோசோங் வாங்கியாந்து குடுத்தேன் மிஸ்ஸி. பக்கத்துக் கடை பாஸ்கூடக் கேட்டாரு, கொஞ்சம் சீனி போடவான்னு. நான் திட்டிப்புட்டேன். அக்காவுக்கு இனிப்பு நீர், ஒரு கரண்டிகூடப் போடக்கூடாதுன்னு.”

கோசோங் என்றால் இங்கே சீனியே இல்லாதது. சீனி இல்லாமல் சாய்ந்துகொண்டிருந்தவளுக்குச் சீனி இல்லாத கறுப்புக் காப்பியைப் பாசத்தோடு ஊதி ஊதிக் கொடுத்திருக்கிறாள். அவளை யார் குறை சொல்ல முடியும்? ‘சீனி கூடாது, சீனி கூடாது’ என்று வருடக்கணக்கில் நாங்கள் எல்லாரும் சொன்ன பாடத்தை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள். நாங்கள் அறையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்த ஆள், தேவையான நேரத்தில் விளக்கிச் சொல்ல முடியாமல் பேச்சுக் குழறி நின்றார். பேச முடிந்தவளுக்கு நாங்கள் ஒன்றுமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சிஸ்டர் செல்வியிடம் எதுவும் கண்டித்துச் சொல்லவில்லை. “அடுத்த தடவ சீனி போட்டுக் குடு. நெறையா போட்டு. நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

அதன்பின் பரமேஸ்வரி அக்கா ஊசியை நிறுத்திவிட்டார். தீப்புண்ணுக்குக் கட்டுப்போட மட்டும் வருவார். எங்கள் அறை வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் நான் வெளியே போய்க் கையைப் பிடித்தேன்.

“வேணாம் மிஸ்ஸி. சீனி ஏறுனா மெதுவாத்தான் சாவேன். அந்த ஊசி ஒரே நாள்ல தள்ளிடுச்சு.”

கையை உருவிக்கொண்டு கட்டுப்போடும் அறைக்குப் போய்விட்டார். மாதங்கள் போயின, புண் ஆறவில்லை. சீனி அந்த அளவில் இருந்தால் ஆறாது. கட்டுப்போடும் தாதி பச்சையான சதையைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து தலையாட்டுவாள். சிஸ்டர் அக்காவைக் கூப்பிடவே இல்லை. செல்வியைக் கூப்பிட்டார். அவளை மட்டும் உட்காரவைத்து, ஏறினால் எப்படி இருக்கும், இறங்கினால் எப்படி இருக்கும், எதற்கு என்ன கொடுப்பது, கண் திறக்கவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று அரை நாள் சொல்லிக்கொடுத்தார். செல்வியே பேனாவை எடுத்துத் தன் வயிற்றில் காலி ஊசியைக் குத்திப் பார்த்தாள். “ஐயோ அம்மா” என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் அவள் அக்காவின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “வாங்கக்கா, நான் இருக்கேன்ல. கோசோங் குடுத்தவளே சொல்றேன்.”

அக்கா மறுபடி தொடங்கினார். புண் ஆறியது, முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் அறையில் முதல் கேள்வி மாறியது. என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன்னால், ‘வீட்ல, வேலையில, உங்க பக்கத்துல யார் இருப்பாங்க? அடுத்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வாங்க’ என்போம். வீடியோவில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, கவிதா. இல்லையென்றால் நீ கேள்.

இனி என்னைப் பற்றி. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதை மறைத்து மேலே உள்ளதை எழுதினால் அது பாதிதான்.

யாழினி வயிற்றில் இருந்தபோது எனக்கு இனிப்பு நீர் வந்தது. பிறந்ததும் போனது. பிறகு வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, தாகமும் சோர்வும் பிள்ளை வளர்ப்பதால் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தவளே அப்படிச் சொல்லிக்கொண்டால் யார் தடுப்பது? ஒருவழியாகச் சோதித்தபோது அது எப்போதோ திரும்பி வந்திருந்தது. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, முழு அளவு. சோற்றைக் குறைத்தேன். செராஸில் இருக்கும் மாமியார் சொன்ன பாகற்காய்ச் சாறும் குடித்தேன். மூன்று மாதச் சீனிச் சராசரி ஏறிக்கொண்டே போனது.

கிள்ளானில் காட்டிக்கொள்ள வெட்கம். அந்த வரிசையில் நான் உட்கார்ந்தால் கவிதாவே என் பெயரைக் கூப்பிடுவாள். அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, தலைநகரின் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையானவர். என் முடிவுகளைப் பார்த்துவிட்டு, “மாத்திரையால முடிஞ்சது இவ்வளவுதான். இன்சுலின் ஆரம்பிச்சிடலாமா?” என்றார். அவர் மிரட்டவில்லை. ஆனாலும் என் காதில் ‘இல்லேன்னா’ என்று விழுந்தது.

அங்கிருந்த தாதி இருபத்து மூன்று வயதிருப்பாள். எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் தாதியாக இருந்தவள் என்று சொல்லவில்லை. பெரிய மூடி, சின்ன மூடி, ஒரு சொட்டு, பத்து எண்ணுவது. எல்லாம் சரியாகச் சொன்னாள். “பயப்படாதீங்கக்கா, எறும்பு கடிக்கற மாதிரிதான்” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் என் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மடியில் கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தவளைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

அதுதான் என் பயம். வலியில்லை, ஊசியில்லை. குமரன் ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் நானும் அவளும் மட்டும். சீனி இறங்கி நான் விழுந்தால்? இந்த மருந்து, இந்தச் சின்ன அளவில், அப்படிச் செய்வது அரிது என்று எனக்குத் தெரியும். அரிது என்ற சொல்லை நானே எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். அதே சொல் எனக்கு வந்தபோது அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே நேரம், தொடங்காமலிருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஆண்கள் வார்டில் பார்த்தவள் நான். யாழினி பள்ளி முடிக்கும்போது அவளைப் பார்க்க எனக்குக் கண் இருக்க வேண்டும்.

ஒரு மாலை குமரனைக் கேட்டேன். “எனக்கு வேர்த்து, கை நடுங்குனா என்ன செய்வ?”

“படுக்க வெப்பேன். பேன் போடுவேன்.”

“அப்புறம்?”

“தண்ணி குடுப்பேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன லா? நீதான் ஊருக்கே சொல்லிக் குடுத்தவ. எனக்கு எங்க சொன்ன?” என்றார்.

அவர் சொன்னது சரி. என்மேல் உள்ள அக்கறையில் வீட்டிலிருந்து சீனி டப்பாவைத் தூக்கிப்போட்டவர் அவர்தான். அவரை உட்காரவைத்துச் சொன்னேன். அடுத்த நாள் கடைக்குப் போய்ச் சீனியும், பெட்டி பெட்டியாக ஆரஞ்சுச் சாறும் வாங்கி வந்து அடுக்கினார். “இனிப்பு நீர் வந்தவ வீட்ல இவ்வளவு சீனியா, எங்கம்மா பாத்தா என்னைய கொன்னுடுவாங்க” என்றார்.

ஆனால் அவர் இல்லாத நேரம்? யாழினியிடமும் கேட்டுப் பார்த்தேன், விளையாட்டுப் போல.

“அம்மா தரையில தூங்கிட்டேன். கூப்பிட்டும் எழுந்திரிக்கல. நீ என்ன செய்வ?”

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “போர்வ போத்தி விடுவேன். சத்தம் போட மாட்டேன்.”

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தோளுக்கு மேலாக வாசல் கிரில் தெரிந்தது. இங்கே எல்லா வீட்டையும்போல நாங்களும் இரும்புக் கிரில்லை உள்ளிருந்து பூட்டி, சாவியைப் பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு. நான் விழுந்தால் எங்கள் இருவரையும் உள்ளே வைத்திருக்கப்போவதும் அதுதான்.

மறுநாள் காலை பூட்டுக்கடையில் மாற்றுச்சாவி வெட்டி வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். காக் ரோஸ் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மா. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வேலிக்கு மேல் பலகாரம் கொடுத்துக்கொள்வோம், அதற்குமேல் பழக்கமில்லை. சாவியை நீட்டினேன். எதற்கு என்றார். மலாயில் சொல்லத் தொடங்கித் தடுமாறினேன். எனக்கு இனிப்பு நீர், இன்சுலின் போடப்போகிறேன் என்று முதன்முதலாக ஒரு வெளியாளிடம் வாய்விட்டுச் சொன்னேன். காலையில் குரல் கேட்கவில்லை என்றால், பிள்ளை அழுதால், வந்து பார்க்க வேண்டும். விழித்திருந்தால் இனிப்பாக எதாவது, விழிக்கவில்லை என்றால் வாயில் ஒன்றும் வேண்டாம், ஆம்புலன்ஸ். அவர் ஐயோ என்று சொல்லவில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, வீட்டில் நாய் இருக்கிறதா, ஆரஞ்சுச் சாறு எந்தத் தட்டில் என்று கேட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்ததா, பாரமாகிவிட்டேனா என்று நாள் முழுக்க எனக்குக் குழப்பம்.

அடுத்த நாள் காலை தொடங்கினேன். டாக்டர் காலையிலேயே போடலாம் என்று சொல்லியிருந்தார். தோசையை ஊற்றித் தட்டில் வைத்துக்கொண்டேன். உள்மூடியைக் கழற்றினேன். ஊசி முனையில் ஒரு சொட்டு வந்து நின்றது. வலது பக்கம், இரண்டு விரல் தள்ளி. வலித்தது, கொஞ்சம். பத்து எண்ணினேன். தோசையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதன்பின் யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு விரலைக் குத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். தேவையில்லை என்று தெரிந்தே பார்த்தேன். இது நடுக்கமா, பயமா என்று கையை நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கிரில் குலுங்கியது. யாழினி அலறிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஓடினாள். பூட்டு இரண்டு முறை முரண்டு பிடித்து, திறந்தது. காக் ரோஸ், தலைத்துணியை அவசரமாகச் சுற்றிக்கொண்டு, என் ஹாலின் நடுவில் வந்து நின்றார். தட்டவில்லை, கூப்பிடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டெஸ்ட் சாஜா” என்றார். சாவி வேலை செய்கிறதா என்று சும்மா சோதித்தாராம்.

திருப்பும்போது கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவசரத்துக்கு அது ஆகாது, எண்ணெய் போடு என்று சொல்லிவிட்டு, யாழினியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார். என் கையைப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. தையல் மெஷின் எண்ணெயைத் தேடி எடுத்து, அந்தக் கையாலேயே பூட்டில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.